ஃபில்டர் பக்கம் ஆயில் ஒழுகுகிறதா? எப்போது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் லிந்தாங், லாசா பக்கத் தோட்டங்களிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தும்போதே சொல்வது இதுதான்: “அண்ணே, ஃபில்டர் ஒழுகுது. புதுசு போட்டுக் குடுங்க.” ஃபில்டர் நனைந்திருப்பது உண்மைதான். ஆனால் அது இன்ஜினின் கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கிற பொருள். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் அதன் மேல் வழிந்து அதன் அடியில்தான் சொட்டும். செம்பனைக் காட்டுப் பாதையின் செம்மண் தூசி அந்த ஈரத்தில் அப்பிக்கொண்ட பிறகு, எந்த போமன் (மெக்கானிக்) வந்து பார்த்தாலும் கசிவு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. பார்க்காமல் புது ஃபில்டரைப் போட்டு அனுப்பினால், காசு செலவானதுதான் மிச்சம். வண்டி திரும்பி வரும்.

அதனால் என் முதல் கேள்வி எப்போதும் “எங்கே ஒழுகுகிறது” அல்ல, “எப்போது ஒழுகுகிறது” என்பதுதான். காரணம் எளிது. ஆயில் பம்ப் கீழ்த் தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தி, நேரே ஃபில்டருக்குள் அனுப்புகிறது. அங்கே வடிகட்டிய பிறகுதான் அது பேரிங்குகளுக்குப் போகும். ஆக, ஃபில்டர் உட்காரும் முகப்பு பம்பின் முழு அழுத்தத்தையும் வாங்குகிற இடம். காலையில் குளிர்ந்த இன்ஜினை முடுக்கினால் அங்கே 4, 5 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம் நிற்கும். நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது 1 பார் அளவுக்கு இறங்கிவிடும். இன்ஜினை அணைத்தால் அழுத்தமே இல்லை. மேலே இருக்கிற வால்வ் கவர், டிஸ்டிரிபியூட்டர் ரப்பர் வளையம், கேம் சீல் எல்லாம் அப்படியல்ல. அங்கே பம்பின் அழுத்தம் வருவதில்லை. ஆயில் தன் எடையால் மெதுவாக வழியும், அணைத்த பிறகும் வழிந்துகொண்டே இருக்கும்.

இதை வைத்தே பாதித் தேடலை முடித்துவிடலாம். ஓடும்போது கொட்டி, அணைத்ததும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால், கோளாறு அழுத்தம் உள்ள பக்கத்தில் இருக்கிறது. ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாமல், ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் கீழே மட்டும் வட்டமாகச் சொட்டியிருந்தால், ஃபில்டரைத் தொடுவதற்கு முன் மேலே பாருங்கள்.

தேடலைத் தொடங்குமுன் ஒரு விஷயம். ஆயில் விளக்கு, அதாவது சிவப்பு நிற ஆயில்கேன் படம், ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். “டவுன் வரைக்கும் ஓட்டிடலாம்” என்ற பேச்சே வேண்டாம். பல ஜப்பானிய இன்ஜின்களில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பாருக்குக் கீழே போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். அது எரிகிற நேரத்தில் பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்கெனவே நின்றுபோயிருக்கும். சின்னக் கார்களில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான். முகப்பில் ரப்பர் வளையம் பிதுங்கினால் அவ்வளவும் ஓரிரு நிமிஷத்தில் சாலையில் கிடக்கும். தோட்டத்துக்குள் தொலைபேசி சிக்னல் இல்லாவிட்டாலும், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வருவது இன்ஜின் மாற்றுவதைவிட மலிவு.

கழுவிவிட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆறிய இன்ஜினில், ஃபில்டரையும் அதைச் சுற்றி இருக்கிற இடத்தையும் டீசல் தொட்ட தூரிகையால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துக் காய வையுங்கள். ஆல்டர்னேட்டரிலும் டிஸ்டிரிபியூட்டரிலும் டீசலோ அழுத்தத் தண்ணீரோ படக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும், முகத்துக்குப் போடுகிற சாதாரணப் பவுடரை எடுத்து, சந்தேகப்படுகிற இடமெல்லாம் மெல்லிசாகத் தூவுங்கள். இன்ஜினை முடுக்கி ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள். பவுடர் வெள்ளையாக இருந்த இடத்தில் முதலில் கறுத்துக் கோடு இறங்குகிற புள்ளியைக் கைப்பேசி விளக்கில் தேடுங்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட், விசிறி பக்கம் கையும் சட்டையும் போகக் கூடாது. கண் எட்டாத இடத்துக்குக் கைப்பேசியை நீட்டி வீடியோ எடுத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடியில் போக வேண்டுமென்றால் ஸ்டேண்ட் போட்டுத்தான். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

ஈரத்தில் எது மிக உயரமான புள்ளியோ அதுதான் நமக்கு வேண்டியது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கமாகவும் தள்ளும் என்பதால், உயரத்தோடு, முன்பக்கம் எது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மத்தியான மழையில் நனைந்து வந்த வண்டியில் அன்றே பார்த்துப் பயனில்லை. ஒரு நாள் காய விடுங்கள்.

அறிகுறி: நிறுத்தியிருக்கும்போது மட்டும் சொட்டுகிறது, பவுடர் சோதனையில் ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது

இது மேலிருந்து வருகிறது. வால்வ் கவர் கேஸ்கட் காய்ந்து கல்லாகியிருக்கும். டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜின்களில் அது ஹெட்டில் நுழைகிற இடத்து ரப்பர் வளையமும் வயதானால் கசியும். அந்த வளையத்துக்குச் செலவு மிகக் குறைவு, ஆனால் டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றுமுன் அது உட்கார்ந்திருக்கிற நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலை மாறினால் டைமிங் மாறும்.

வழிகிற திரவத்தை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் நல்லது. பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டீரிங் அல்லது ஆட்டோ கியர் திரவமாக இருக்கலாம். டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயிலும் அதே பக்கமாகவே வடியும். அதைப் பார்த்து ஃபில்டரைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி: ஆயில் மாற்றிய அன்றோ மறுநாளோ கொட்டுகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றியதுமே கொட்டுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் புது ஃபில்டரைப் பொருத்திய விதத்தில்தான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது இரட்டை வளையம். பழைய ஃபில்டரைச் சுழற்றி எடுக்கும்போது அதன் ரப்பர் வளையம் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். சூட்டில் பல மாதம் அழுந்திக் கிடந்ததால் அது தட்டையாகி, கறுப்பாகி, அழுக்கேறிய உலோகத்தின் நிறத்திலேயே இருக்கும். விளக்கடித்துப் பார்த்தால்கூட முகப்பின் ஒரு பகுதி போலத்தான் தெரியும். விரல் நகத்தை முகப்பின் மேல் வட்டமாக இழுத்துப் பாருங்கள். உலோகமென்றால் வழுக்கிக்கொண்டு போகும். ரப்பரென்றால் நகம் லேசாகப் பதிந்து ஒரு விளிம்பில் தட்டும். அதன்மேல் புது ஃபில்டரைத் திருகினால் ரப்பர் மேல் ரப்பர் உட்கார்ந்து, கையில் இறுக்கமாகவே தோன்றும். சூடான ஐட்லிங்கில் சொட்டுக்கூட வராது. மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜினை முடுக்கி 5 பார் ஏறும்போது ஒரு வளையம் நழுவி வெளியே பிதுங்கும். ஈப்போவிலிருந்து வடக்கே மெனோரா சுரங்கப் பாதை ஏற்றத்தில் இன்ஜினை வேகமாகச் சுழற்றும்போது பிதுங்கியதையும் பார்த்திருக்கிறேன். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கையில் எடுக்க வேண்டும். வளையம் காணாவிட்டால் அது முகப்பில்தான் இருக்கிறது.

பழைய மேசி ஃபெர்குசன் டிராக்டர்களில் கிண்ணத்துக்குள் காகித ஃபில்டர் போடுகிற வகை உண்டு. அங்கேயும் இதே கதைதான். மேலே பள்ளத்துக்குள் சதுர ரப்பர் வளையம் ஒளிந்துகிடக்கும், மெல்லிய கம்பியால் குத்தித்தான் எடுக்க முடியும். எடுக்காமல் புது வளையத்தை அதன்மேல் அமுக்கினால் கிண்ணம் நேராக உட்காராது.

இரண்டாவது, மரை பொருந்தாத ஃபில்டர். இது கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். டொயோட்டா கார்கள் பலவற்றில் ஃபில்டர் திருகி ஏறுகிற நடுத் தண்டு 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. ஹோண்டா போன்றவற்றில் 20 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ. அந்தத் தண்டில் 20 மி.மீ. ஃபில்டரைத் திருகினால், மரை மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டு ஏறவே செய்யும். வளையம் முகப்பைத் தொட்டதும் இறுகியது போலவும் இருக்கும். ஆனால் பிடிப்பு மரையின் நுனியில் மட்டும்தான். அழுத்தம் ஏறும்போது ஃபில்டர் முழுசாகவே கழன்று விழலாம். வளையம் முகப்பைத் தொடுமுன், ஃபில்டரைப் பாதி திருகி ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அது உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. பெட்டியில் இருக்கிற எண்ணை வண்டி வகையோடு ஒப்பிடுங்கள், வளையத்தின் அகலத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “எல்லாம் ஒரே சைஸ்தான்” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது இறுக்கம். வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, வளையம் முகப்பைத் தொட்ட இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து முக்கால் சுற்று. பெரும்பாலான சுழற்று ஃபில்டர்களுக்கு இதுதான் கணக்கு. பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆயில் தடவாத வளையம் திருகும்போது முறுக்கிக்கொண்டு மடியும், மடிந்த இடத்தில் கசியும். ஒழுகுகிறதே என்று சங்கிலி ஸ்பேனரைப் போட்டு இழுத்து இறுக்குவது நிலைமையை மோசமாக்கும். வளையம் நசுங்கி ஓரம் பிதுங்கும், அடுத்த முறை கழற்றும்போது தகரம் கிழியும்.

அறிகுறி: ஃபில்டரைக் கழற்றும்போது நடுத் தண்டும் கூடவே வந்துவிட்டது

சிறு வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் திரும்பத் திரும்ப ஒழுகும். தண்டைப் பழைய ஃபில்டரிலிருந்து இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி எடுங்கள், இடுக்கியால் மரையைக் கடிக்காதீர்கள். மரைகளை பிரேக் கிளீனரால் கழுவி, இன்ஜின் பக்கத்து மரையில் மட்டும் மரைப் பசை ஒரு சொட்டு விட்டு, தயாரிப்பாளர் சொல்கிற அளவுக்கு இறுக்குங்கள். மரை தேய்ந்திருந்தால் தண்டையே மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: வளையமும் மரையும் சரி, ஆனாலும் வளையத்தைச் சுற்றி ஈரம்

முகப்பில் கீறல், அல்லது அலுமினியத்தில் அரிப்புக் குழி இருக்கும். இறுகிப்போன ஃபில்டருக்குள் ஸ்குரு டிரைவரைக் குத்தித் திருப்புகிற பழக்கத்தால் வருவது இது. முனை முகப்பைத் தொட்டுக் கிழித்துவிடும். மேலோட்டமான கீறலை 400 எண் தண்ணீர்க் காகிதத்தை, அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை, தட்டையான மரத்துண்டில் சுற்றி, வட்டமாக மெல்லத் தேய்த்துச் சரிசெய்யலாம். அதற்கு முன் உள்ளே போகிற துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், அந்தத் தூள் பேரிங்குக்குப் போய்விடக் கூடாது. ஆழமான குழி, விரிசல் என்றால் தேய்த்துப் பயனில்லை. எபோக்சிப் பசை போட்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். சூடும் அழுத்தமும் மாறிமாறி வருகிற இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. முகப்புத் துண்டைப் பழைய சாமான் கடையில் தேடி மாற்றுங்கள்.

அறிகுறி: ஃபில்டரின் தகரமே உப்பியிருக்கிறது

இதைப் பார்த்தால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். தகர உடம்பு உருண்டு உப்பியதென்றால், உள்ளே ஏறிய அழுத்தம் அளவுக்கு மீறியது. பம்பில் அழுத்தம் அதிகமானால் திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்புகிற வால்வ் ஒன்று உண்டு. அது அழுக்கிலோ துருவிலோ மூடியபடி சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நீங்கள் மாற்றுகிற அடுத்த ஃபில்டரும் உப்பும், வளையம் பிதுங்கும். அழுத்த ஸ்விட்ச் இருக்கிற துளையில் கேஜ் பொருத்தி அளந்து பார்த்து, அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

தகரத்தில் குண்டூசி முனையளவு ஈரம் தெரிந்தால், அது துரு அல்லது கல் அடித்த அடி. ஃபில்டரை மாற்றினால் போதும்.

அறிகுறி: ஃபில்டர் காய்ந்திருக்கிறது, அதற்குப் பின்னால் ஈரம்

பல இன்ஜின்களில் ஃபில்டர் நேரே பிளாக்கில் உட்காருவதில்லை. தனித் துண்டொன்றில் உட்கார்ந்து, அந்தத் துண்டு கேஸ்கட் வைத்து பிளாக்கில் போல்டு போட்டு இறுக்கியிருக்கும். மிட்சுபிஷி 4டி56 டீசல் அப்படித்தான். டிராக்டர்களில் இருக்கிற பெர்கின்ஸ் இன்ஜின்கள் பலவும் அப்படியே. அந்தக் காகித கேஸ்கட் வயதாகிக் காய்ந்தால், பம்பின் முழு அழுத்தமும் அதன் இடுக்கில் வெளியேறும். போல்டுகளைக் கொஞ்சம் இறுக்கினால் சில நாள் நிற்கலாம், ஆனால் காய்ந்த காகிதம் மறுபடி மிருதுவாகாது. போல்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும், கழற்றும்போது அட்டையில் துளையிட்டு அந்தந்த இடத்திலேயே செருகி வையுங்கள். நீளமான போல்டை ஆழம் குறைந்த துளையில் ஏற்றி பிளாக்கை உடைத்தால் அதற்குப் பரிகாரம் கிடையாது. புது கேஸ்கட்டை உலர்ந்த, சுத்தமான முகத்தில் வையுங்கள். சிலிகான் பேஸ்டை அள்ளிப் பூசுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் துண்டாகக் கழன்று ஆயில் வழியை அடைத்து, பேரிங்கைக் கொன்றுவிடும்.

அதே பகுதியில்தான் பல வண்டிகளில் ஆயில் அழுத்த ஸ்விட்ச்சும் இருக்கிறது. ஒற்றைக் கம்பி போகிற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் பிளாஸ்டிக் தலைக்கும் உலோக உடம்புக்கும் நடுவே கசிந்தால், ஆயில் நேராக ஃபில்டரின் மேல் வழியும். கம்பிச் சொருகியை உருவிப் பாருங்கள். உள்ளே ஆயில் நிற்கிறதென்றால் ஸ்விட்ச் போய்விட்டது, தலைவலி தீர்ந்தது. புதியதைப் போடும்போது மரையில் சீலன்ட் லேசாகத் தடவுங்கள், நுனித் துளையில் படாமல். குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடக் கூடாது. ஒற்றைக் கம்பி ஸ்விட்ச் மரை வழியாகத்தான் எர்த் வாங்குகிறது. டேப் அதைத் தடுத்தால் அழுத்தம் போனாலும் விளக்கு எரியாது. சாவி போட்டதும் விளக்கு எரிகிறதா, இன்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

அறிகுறி: ஆயில் கம்மியாகிறது, ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம்

சில இன்ஜின்களில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆயில் கூலர் ஒன்று இருக்கும், உள்ளே ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். அதன் ரப்பர் வளையம் காய்ந்தால் வெளியே ஒழுகும். உள்ளே ஓட்டை விழுந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் முதலில் அது தண்ணீருக்குள் போகும். விரிவுத் தொட்டியைத் திறந்தால் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கி நிற்கும். ஹெட் கேஸ்கட் போனாலும் இதே மாதிரி தெரியும் என்பதால், ஹெட்டைக் கழற்றுகிற செலவுக்கு முன் கூலரை அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: எல்லா இடத்திலும் ஈரம், எது என்றே தெரியவில்லை

ஆயில் மூடியைத் திறந்து, இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது வாயில் கையை வைத்துப் பாருங்கள். வேகமாகக் காற்று தள்ளினால், கிராங்க் அறையின் ஆவியை வெளியேற்றுகிற பிசிவி வால்வ் அடைபட்டிருக்கலாம். வெளியேற வழியில்லாத அழுத்தம் பலவீனமான சீல் எல்லாவற்றையும் தள்ளும். வால்வை எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கிலுகிலுவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றுங்கள். புது வால்வ் போட்டும் காற்று தள்ளுகிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அது வேறு பெரிய வேலை.

சரி செய்த பிறகு

இன்ஜினை முடுக்கிப் பத்து வினாடியில் அணைத்து, அடியில் விளக்கடித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மறுபடி முடுக்கி சில நிமிஷம் ஓட விட்டுப் பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும் என்பதால் அணைத்துச் சில நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிபாருங்கள். சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்து மறுபடி பார்க்க வேண்டும். ராத்திரி முகப்புக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து, முன்சக்கரம் நிற்கிற இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் ஓரிரு சொட்டு விழுந்திருந்தால் பதற வேண்டாம், குறுக்குச் சட்டத்துக்குள் தேங்கிய பழைய ஆயிலாக இருக்கலாம். துடைத்துவிட்டு மறுநாளும் அட்டையைப் போடுங்கள். புதுச் சொட்டு அதே இடத்தில் விழுந்தால்தான் வேலை மிச்சமிருக்கிறது.

கழற்றிய ஃபில்டரில் ஆயில் நிறையத் தங்கியிருக்கும். அடியில் துளையிட்டு, ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வடிய விடுங்கள். அதையும் பழைய ஆயிலையும் லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுகிறவர்கள் தோட்டப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அது நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின்படி பயன்படுத்திய ஆயில் எஸ்டபள்யூ 305 என்ற வகைக் கழிவு. ஆயில் ஊறிய ஃபில்டரும் துணியும் எஸ்டபள்யூ 410. வீட்டில் வேலை செய்கிறவர்கள் மூடி போட்ட கேனில் சேர்த்து, பழைய ஆயிலை எடுத்துக்கொள்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம். எங்கள் பட்டறையில் பின்பக்கம் டிரம் இருக்கிறது, கொண்டு வந்தால் ஊற்றிக்கொள்வோம், காசு கேட்பதில்லை.